கீசர் வாத்தியார்

சிவப்புப் புள்ளி வைத்த குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் தண்ணீர் வரும் என்று கீசர் வாத்தியாருக்குத் தெரியவில்லை.

இடப்பக்கம் திருப்பினார். அசையவில்லை. வலப்பக்கம் திருப்பினார். அதற்கும் அசையவில்லை. தோளில் கிடந்த துண்டைக் குழாயின் தலையில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முறுக்கு முறுக்கினார். குழாய் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் கொடுத்தது. கொஞ்சம் காற்று வந்தது. அதன்பின் அதுவும் நின்றுவிட்டது.

வெளியே சுவிட்சில் சிவப்பு விளக்கு என்னவோ அரை மணி நேரமாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. மகள்.

"அப்பா, குளிச்சாச்சா?"

"ஆச்சும்மா."

"வெந்நீர்லதானே?"

"பின்ன? கொதிக்குது. கையை வைக்க முடியல," என்றார், நடுங்கிக்கொண்டே.

"நிஜமாவா?"

"நான் எதுக்கும்மா பொய் சொல்லணும்? நம்ம கீசரைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

நம்ம கீசரைப் பற்றி அந்தக் கட்டடத்தில் தெரியாதவர் யாருமில்லை. கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாலையும் ஒரு வரிசைக் கருங்கல்லும்தான். உப்புக் காற்று கேட்காமலே வீட்டுக்குள் வரும், சொல்லாமலே எல்லாவற்றையும் தின்னும். ஜன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள் மணி எல்லாம் துரு. அங்கே யாரும் சாவியைத் தொலைத்ததில்லை. சாவி பத்திரமாக இருக்கும், பூட்டுதான் திறக்காது. கீசர் வாங்கினால் இரண்டு வருஷம், மிஞ்சிப் போனால் மூன்று. அதற்குள் உள்டாங்க் ஓட்டை விழுந்து, பழைய இரும்புக்காரன் தோளில் ஏறிப் போய்விடும்.

அப்படிப்பட்ட கட்டடத்தில், இரண்டாவது மாடியில், பதினாறு வருஷமாக ஒரே கீசர் ஓடுகிறது என்றால் சும்மாவா?

அவர் வாத்தியார் இல்லை. கப்பல் கட்டும் இடத்தில் பெயின்ட் மேற்பார்வையாளராக இருந்து, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால்தான் ஓய்வு பெற்றார். "துருவுக்கும் எனக்கும் முப்பத்துநாலு வருஷப் பகை" என்பார். மாடிப்படி முகப்பில் 'கடலோர வீடுகளில் கீசரைக் காக்கப் பத்து விதிகள்' என்று ஒரு அறிவிப்பு எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். சட்டத்தின் ஆணி துருப்பிடித்து இரண்டு முறை விழுந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கீசர் வாத்தியார் என்ற பெயர் அந்த அறிவிப்பினால் வந்ததுதான்.

வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடித்தண்ணீரை வடிக்க வேண்டும். கடல் பக்க ஜன்னலை மூடியே வைக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும், 'தியாகக் கம்பியை' மாற்ற வேண்டும். டாங்குக்குள்ளே ஒரு மக்னீசியம் கம்பி இருக்கிறது. தண்ணீரின் உப்பு அதைத்தான் முதலில் தின்னும். அது கரையக் கரைய டாங்க் பிழைத்துக்கொள்ளும். அந்த விதிக்கு மட்டும் அவர் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்.

விதிகள் பத்தும் அவருடையவை. செய்தது முழுக்க மனைவி.

"துடைச்சாச்சா?" என்பார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஆச்சு."

"கம்பி?"

"மெக்கானிக் வந்துட்டுப் போயாச்சு."

உடனே ஒரு நோட்டில் தேதி போட்டு 'சரி' என்று குறித்துக்கொள்வார். அவ்வளவுதான் அவர் பங்கு. அந்த மெக்கானிக்கின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

அந்த மனைவி இறந்து நாற்பது நாள் ஆகிறது. அதற்கு முன் பத்து நாள் ஆஸ்பத்திரி. காரியமெல்லாம் முடிந்த கையோடு மகள் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடலே இல்லாத ஊர். அங்கே அவர் ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பால் தீர்ந்து, பாத்திரம் தீய்ந்து, கைப்பிடி உருகும்வரை பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். என்ன யோசனை என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல" என்றார். ஒன்றுமில்லாமல் அரை மணி நேரம் நிற்க அவருக்குப் புதிதாகப் பழக்கமாகியிருந்தது.

"நான் நம்ம வீட்டுக்குப் போறேன்" என்று தினம் ஒருமுறை சொல்லிச் சொல்லி, கடைசியில் மகளை மசிய வைத்தார். ஆனால் நேற்று கொண்டுவந்து விட்டபோது அவள் கறாராகப் பேசினாள்.

"இதோ பாருங்கப்பா. உங்களுக்கு நெஞ்சுச் சளி. பச்சைத் தண்ணி ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அடுப்பு கிடையாது, சிலிண்டரைத் திருப்பி அனுப்பிட்டேன். சாப்பாடு கீழ்வீட்டு அத்தை கொடுப்பாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன். ஒழுங்கா வெந்நீர்ல குளிச்சு, நேரத்துக்குச் சாப்பிட்டு, ஆளா இருந்தீங்கன்னா இங்கேயே இருங்க. இல்லேன்னா பெட்டியை எடுத்துட்டு என்கூட வரணும். அப்புறம் அழக்கூடாது."

"வெந்நீருக்கு என்ன குறைச்சல்? நம்ம கீசர் இருக்கு."

அவரை அந்த வீட்டில் பிடித்து வைத்திருந்தது கடலும் இல்லை, காற்றும் இல்லை. அவள் சீப்பு இன்னும் ஜன்னல் விளிம்பில் கிடந்தது. அவள் கை வைத்துக் கை வைத்து அடுக்களைக் கதவில் ஓரிடம் மழுங்கிப் போயிருந்தது. இந்த வீட்டையும் விட்டுவிட்டால் அவளை இரண்டாம் தரம் அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று அவர் பயந்தார். ஒரு வாரம் வெந்நீர் வந்தால் போதும். அதுதான் அவர் கேட்டது.

அதுதான் வரவில்லை.

பகலில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். ஊசி குத்திய ரவிக்கைத் துணி ஒன்று தோளிலேயே கிடந்தது.

"என்ன அண்ணே, குளிக்காத மாதிரி இருக்கீங்க?"

"குளிச்சேனே."

"தலை காஞ்சிருக்கு."

"காத்துல காஞ்சிருச்சு."

"வேணும்னா நான் ஒரு வாளி வெந்நீர் வெச்சுத் தரேன். மாடிப்படிதானே, தூக்கிட்டு வந்துடுவேன்."

கீசர் வாத்தியாருக்குச் சுருக்கென்றது. அந்தக் கட்டடத்துக்கே பாடம் சொன்னவன், கீழ்வீட்டிலிருந்து வாளியில் வெந்நீர் வாங்குவதா? வாளித் தண்ணீருக்குள் போடும் மின்சாரச் சுருளாவது இருந்தால் பரவாயில்லை. அதையும் 'ஆபத்து, வீட்டில் வைத்திருக்கவே கூடாது' என்று எட்டாவது விதியில் அவரேதான் ஒழித்துக் கட்டியிருந்தார்.

"எனக்கெதுக்கும்மா? நம்ம கீசர் இருக்கு," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு உட்கார்ந்து நோயைக் கண்டுபிடித்தார். ஐம்பது நாளாகக் கீசரை யாரும் கவனிக்கவில்லை. துடைக்க ஆளில்லை, வடிக்க ஆளில்லை. உப்புக் காற்று காத்திருந்து உள்ளே புகுந்துவிட்டது. குழாய்க்குள் துரு அடைத்திருக்கிறது. அடைப்பை எடுத்தால் சரியாகிவிடும்.

ஸ்பேனரை எடுத்துக் குழாயை லொட்டு லொட்டென்று தட்டினார். துருப் பொறுக்குகள் உதிர்ந்தன. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார். சிவப்புப் புள்ளி வைத்த கைப்பிடி கழன்று, அவர் கால் கட்டைவிரலைத் தேடிப் பிடித்து விழுந்தது.

செவ்வாய்க்கிழமை, நொண்டிக்கொண்டே முக்காலியில் ஏறினார். கீசரின் அடியில் அடிநீர் வடிக்கும் திருகைக் கழற்றினார். இரண்டாவது விதி. ஒரு சொட்டு வரவில்லை. ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தார். கம்பி பாதியில் முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதன் மேலேயே திருகைப் போட்டு மூடினார்.

அப்போதுதான் பார்த்தார். கீசருக்குத் தண்ணீர் போகிற வால்வு மூடியிருந்தது. கெட்டியாக, கடைசிச் சுற்றுவரை.

"அடிப்பாவி!" என்றார் மகளை நினைத்து. "பூட்டிட்டுப் போறப்ப இதையும் மூடிட்டுப் போயிருக்கா. மூடின பொண்ணு திறக்கணும்னு தோணலையே!"

எவ்வளவு பெரிய நிம்மதி! துருவுமில்லை, அடைப்புமில்லை. வெறும் வால்வு. எண்ணெய் விட்டார். அரை மணி ஊறவிட்டார். முப்பத்துநாலு வருஷ அனுபவத்தையும் மணிக்கட்டில் திரட்டி ஒரு திருகு திருகினார். வால்வு கிரீச்சிட்டுத் திறந்தது. கீசருக்குள் தண்ணீர் சளசளவென்று இறங்குகிற சத்தம் கேட்டது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் கூப்பிட்டேன். எல்லாம் நல்லா இருக்கு."

"குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"சந்தோஷமா இருக்கேம்மா," என்று சொல்லும்போதே அவர் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. தடவிப் பார்த்தார். விரல் செங்கல் நிறத்தில் இருந்தது. இன்னொரு சொட்டு. அப்புறம் எண்ண முடியவில்லை. "வெச்சுடறேம்மா, பால்காரர் வந்திருக்கார்."

"சாயங்காலம் நாலு மணிக்கா?"

அவர் வைத்துவிட்டார்.

வால்வை மூடப் பார்த்தார். அதன் கைப்பிடி 'எனக்கும் வயதாகிவிட்டது' என்பது போலக் கையோடு வந்துவிட்டது. பாதித் திறந்த நிலையில் வால்வு நின்றுகொண்டது. கீசரின் அடியிலிருந்து துருத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. கீழே வாளி வைத்தார். வாளி நிறைந்தது. ஊற்றிவிட்டு வந்தார். மறுபடி நிறைந்தது. அன்று மாலை முழுக்க அவருக்கு அதுதான் உத்தியோகம்.

புதன்கிழமை காலை இரும்புச் சாமான் கடைக்குப் போனார்.

"ஒரு தியாகக் கம்பி கொடுங்க."

கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். "எந்தக் கம்பி?"

"தியாகக் கம்பி. கீசருக்குள்ள இருக்கும். தான் கரைஞ்சு டாங்கைக் காப்பாத்தும். வெளியில யாருக்கும் தெரியாது."

"அவ்வளவு நல்ல மனசுள்ள சாமானெல்லாம் நம்ம கடையில இல்ல சார். ராடுதான் இருக்கு. வேணுமா?"

"அதேதான்."

"டாங்க் எப்படி இருக்கு?"

"லேசா ஒழுகுது."

"ஒழுகறதுக்கு அப்புறம் ராடு எதுக்கு சார்? அது ஒழுகறதுக்கு முன்னால போடறதுல்ல?"

"இனிமே ஒழுகாம இருக்கறதுக்கு," என்றார் கீசர் வாத்தியார், அதிகாரமாக. கூடவே ஓட்டை அடைக்கும் பசை, துத்தநாக பெயின்ட், பிளாஸ்டிக் தாள், கட்டுக்கயிறு எல்லாம் வாங்கினார். கடைக்காரர் பையில் போட்டுக்கொண்டே, "புது கீசர் ஒண்ணு மாட்டிட்டா வேலை முடிஞ்சுதே," என்றார்.

கீசர் வாத்தியார் காசை எண்ணிக் கொடுத்தார். புது கீசரை இன்றைக்கே மாட்டலாம். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் புது கீசருக்கு அவளைத் தெரியாது. பதினாறு வருஷம், காலையில் எழுந்ததும் அவள் கை முதலில் போனது இந்தக் கீசரின் சுவிட்சுக்குத்தான். இதை எடுத்துப் பழைய இரும்புக்காரனிடம் போட அவருக்கு மனம் வரவில்லை. இதையெல்லாம் ஒரு இரும்புக் கடையில் நின்று சொல்லவும் முடியாது.

ராடைப் போடுவதற்கான திருகு கழலவே இல்லை. சரி, அது பிறகு என்று பசையைக் குழைத்து ஓட்டையை அடைத்தார். ஒழுகல் நின்றது. இரண்டு நிமிஷம் கழித்துப் பக்கத்தில் ஒழுகியது. அதை அடைத்தார். அதற்கும் பக்கத்தில் ஒழுகியது. முன்பக்கம் முழுவதும் அடைத்து முடித்தபோது தண்ணீர் நல்லபிள்ளையாகப் பின்பக்கம் போய், சுவரில் கீசரை மாட்டியிருந்த ஆணி ஓட்டைக்குள் இறங்கி, சத்தமே இல்லாமல் ஓடியது. வாளி காய்ந்திருந்தது. அவர் வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்து, துத்தநாக பெயின்ட் அடித்து, சுவிட்சையும் போட்டார். ஒரு மணி நேரம் கழித்துக் கீசரைத் தொட்டுப் பார்த்தார். மீன் மாதிரி ஜில்லென்று இருந்தது.

"அண்ணே! மேல மழை பெய்யுதா?"

தையல்காரம்மா வாசலில் நின்றாள். கையில் ஒரு ரவிக்கை. பச்சை ரவிக்கை, முதுகில் மட்டும் செம்மண் நிறம்.

"நாளைக்குக் கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போறதுக்குத் தைச்சது. மெஷினுக்கு நேர் மேல சுவர் வழியா ஊத்துது. அவங்க வந்து கேட்டா டிசைனுன்னு சொல்லவா?"

"அது... காத்துல இருக்கற ஈரம்மா. உப்புக் காத்து."

"அண்ணே, நான் பத்து வருஷமா இந்தக் காத்துலதான் இருக்கேன். அது இதுவரைக்கும் ஊத்தினது கிடையாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எட்டிப் பார்த்தாள். பிளாஸ்டிக் தாள் சுற்றி, கயிறு கட்டி, மேலே வெள்ளை பெயின்ட் வழிய, தலையில் அடிபட்ட நோயாளி மாதிரி கீசர் தொங்கிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா ரவிக்கையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சுவிட்சையாவது அணைங்கண்ணே, ஷாக் அடிச்சுத் தொலைக்கப் போகுது. போய்ச் சேர்ந்த அக்காவுக்கு யார் பதில் சொல்றது?" என்று தானே அணைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை இன்னொரு சங்கடம். மூன்றாவது மாடிக்குக் கல்யாணமான கையோடு குடிவந்த புது மாப்பிள்ளை, அறிவிப்பைப் படித்துவிட்டு, கையில் நோட்டோடு ஆலோசனை கேட்க வந்துவிட்டார். கீசர் வாத்தியார் ஓடிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நாலாவது விதியில ஒரு சந்தேகம் சார்."

"கேளுங்க, கேளுங்க."

உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பசை விட்டுவிட்டது போலிருக்கிறது.

"உள்ள யாரோ குளிக்கிறாங்க போல. நான் வேணும்னா அப்புறம் வரவா?"

"யாருமில்ல."

மாப்பிள்ளை கதவைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த அந்த அம்மாளின் படத்தைப் பார்த்தார். பிறகு கீசர் வாத்தியாரைப் பார்க்காமல் எழுந்துகொண்டார். "பரவாயில்ல சார், அவங்கவங்க வாழ்க்கை," என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

கீசர் வாத்தியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது. அவளிடம் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள் என்று அடுக்களைப் பக்கம் இரண்டடி எடுத்து வைத்தும் விட்டார். அங்கேயே நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாமல் நின்றார்.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக மாடித் தொட்டியிலேயே அடைத்துவிட்டார். ஒழுகல் நின்றது. அடுக்களையில் தண்ணீர் நின்றது. கழிப்பறையிலும் நின்றது. தையல்காரம்மா ஒரு குடம் தண்ணீரை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமலே போனாள்.

அன்று சாயங்காலம் அவர் முக்காலியைப் போட்டுக் கீசருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

எப்படிப்பட்ட காலைகள் அவை! ஆறு மணிக்குக் கண் விழிப்பார். அவள் அதற்கு வெகுமுன்னாலேயே எழுந்திருப்பாள். கடைசி சில வருஷங்களாக நாலரைக்கே எழுந்துவிடுவாள். "இவளுக்குத் தூக்கம் குறைஞ்சு போச்சு, வயசாயிடுச்சு," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். குளியலறையில் வாளி நிறைய வெந்நீர் ஆவி பறக்கக் காத்திருக்கும். "தண்ணி ரெடி" என்பாள். ஒருநாள் கூடவில்லை, ஒருநாள் குறையவில்லை, அப்படி ஒரு சூடு. இடுப்பு வலி, இடுப்பு வலி என்று அவள் முனகும்போது, "எதுக்குக் கஷ்டப்படற? நம்ம கீசர் வெந்நீர்ல ஒத்தடம் கொடு," என்று வைத்தியமும் சொல்வார். அவள் சிரிப்பாள். ஏன் சிரிக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. கீசரைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் அவள் அப்படித்தான் சிரிப்பாள். அவளுக்கும் பெருமைதான் என்று நினைத்துக்கொள்வார்.

அவள் பதினாறு வருஷம் காப்பாற்றிக் கொடுத்ததை, அவள் போய் ஐம்பது நாளைக்குள் தான் கெடுத்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. வெறும் ஐம்பது நாள். வாரம் ஒரு தரம் துடைக்கக்கூட ஆளாக இல்லை. அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் அழவில்லை, காரியத்தில் அழவில்லை, மகள் வீட்டிலும் அழவில்லை. இப்போது ஒரு பிளாஸ்டிக் தாள் சுற்றிய கீசருக்கு முன்னால் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னாலேயே வந்துவிட்டாள்.

வந்தவள் முகம் கழுவக் குழாயைத் திறந்தாள். வரவில்லை. அடுக்களைக்குப் போனாள். வரவில்லை. குளியலறைக் கதவைத் திறந்தாள். அவர் பின்னால் வந்து நின்றார். ஒரு வாரத் தாடி. சட்டையெல்லாம் பெயின்ட்.

"வெந்நீர் கொதிக்குதுன்னு சொன்னீங்க?"

அவர் பெயின்ட் ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்தார்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவள் அவர் கையைப் பிடித்தாள். கை தணலாகச் சுட்டது. ஐந்து நாளாக ஈரத்திலேயே நின்ற காய்ச்சல்.

"அப்பா," என்றாள், தணிந்த குரலில். "போதும்ப்பா. கிளம்பலாம்."

"கீழ்வீட்டம்மா மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கு. அம்மா கூப்பிடுவாளே, அந்த ஆள்தானாம். இதோ வந்துடுவார். ஒரே ஒரு தடவை பார்க்கட்டும். அவர் சரி பண்ண முடியும்னு சொன்னா நான் இங்க இருக்கேன். முடியாதுன்னு சொன்னா பேசாம உன்கூட வந்துடறேன். சத்தியமா."

"சரிப்பா."

மெக்கானிக் வந்தார். நரைத்த மீசை, தேய்ந்த செருப்பு, தோளில் ஒரு சாக்குப் பை. வாசலிலேயே அந்த அம்மாளின் படத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். இரண்டு நிமிஷம் அங்கேயே நின்றார். "தெரியவே தெரியாது சார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேன்," என்றார்.

பிறகு முக்காலியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். பிளாஸ்டிக் தாளை உரித்தார். பசைக் கட்டிகளைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த வால்வை யார் சார் திறந்தது?"

"நான்தான். மூடியிருந்துது."

மெக்கானிக் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், சொல்லாமல் கீசரின் அடிமூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டார். முக்காலியிலிருந்து இறங்கித் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் துடைக்கும் அளவுக்குக் கையில் அழுக்கில்லை.

"சொல்லுங்க," என்றார் கீசர் வாத்தியார். "சரி பண்ணிடலாமா?"

"முடியாது சார்."

"கம்பி வாங்கி வெச்சிருக்கேன். புதுசு."

"ராடு போட்டுப் பிரயோஜனம் இல்ல சார். டாங்கே இல்ல."

கீசர் வாத்தியார் தலையை ஆட்டினார். சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தைதான். மகளிடம் திரும்பினார். "பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கும்மா. எடுத்துக்கோ. அம்மாவோட சீப்பு ஜன்னல்ல இருக்கு. அதை மறந்துடாத."

மகள் அறைக்குள் போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கீசர் வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியாது," என்றார் மெக்கானிக்கிடம். "கப்பலுக்கெல்லாம் துருப் பிடிக்காம பார்த்துக்கிட்டவன் நான். பதினாறு வருஷம் அவ இதை ஓட்டினா. ஒருநாள் நிக்கல. ஒருநாள் எனக்குப் பச்சைத் தண்ணி வெச்சதில்ல. அவ போய் ஐம்பது நாள்கூட ஆகல, என்னால காப்பாத்த முடியல. அவளோடது ஒண்ணே ஒண்ணு ஓடிக்கிட்டிருந்துது. அதையும் நான் சாகடிச்சுட்டேன்."

பெட்டியோடு வந்த மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மெக்கானிக் ஸ்பேனரைப் பையில் போட்டார். மறுபடி வெளியே எடுத்தார். கூடத்துச் சுவரில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நீங்க சாகடிக்கல சார்," என்றார். "இது ஓட்டை விழுந்து நாலு வருஷமாச்சு, 'அவர்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு உடைஞ்சு போயிடுவார், தண்ணியை நான் அடுப்புல காய வெச்சு ஊத்திக்கிறேன்'னு சொல்லி, அம்மாதான் என்னை வயரை வெட்டிட்டுப் போகச் சொன்னாங்க."